ஓ.எல். முடிந்த பன்னிரண்டு வாரம்: 67 அதிகாரங்களை வாசிக்கும் முறை

மலைநாட்டில் கோடை என்று தனியாக ஒரு காலம் கிடையாது. சாதாரண தர (ஓ.எல்.) பரீட்சையின் கடைசிப் பாடத்தை எழுதிவிட்டு வெளியே வரும் நாளிலிருந்து உயர்தர வகுப்பு தொடங்கும் வரை கிடைக்கிற நாட்கள்தான் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கோடை. அந்த நாட்களில் வேதத்தை ஒழுங்காக வாசிக்க வேண்டும், விசுவாசத்தில் ஒரு படியாவது முன்னே போக வேண்டும் என்று நினைக்கிற பதினாறு, பதினேழு வயதுக்காரருக்காக இதை எழுதுகிறோம். பன்னிரண்டு வாரத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறது. உங்களுக்கு ஒன்பது வாரம்தான் இருக்கிறதென்றால் நடுவிலுள்ள இரண்டு பகுதிகளில் ஒன்றை விட்டுவிடலாம். முதலையும் கடைசியையும் விட வேண்டாம்.

முழு வேதாகமத்தையும் முடிக்கப் பார்க்காதீர்கள்

லீவு தொடங்கியதும் பெரும்பாலானோர் எடுக்கிற தீர்மானம் இது: ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஒரே மூச்சில். கணக்கைப் பாருங்கள். 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். பன்னிரண்டு வாரம் என்பது 84 நாள். அப்படியென்றால் நாளைக்கு 14 அதிகாரத்துக்கு மேல். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆக, ஏழாம் நாளே லேவியராகமத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள். அதன் 27 அதிகாரங்களில் பெரும்பகுதி பலி முறைகளும் தீட்டுச் சட்டங்களும். கதையின் வேகத்தில் ஓடிவந்தவருக்கு அங்கே கால் சிக்கிக்கொள்ளும். இரண்டு நாள் தவறும், நிலுவை 28 அதிகாரமாகும், பிறகு புத்தகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். லேவியராகமத்தில் குறை ஒன்றுமில்லை. அதைப் படிக்க ஒரு காலமும் ஒரு துணையும் வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே சொல்லப்போவது 67 அதிகாரம். குறைவாகத் தெரியும். ஆனால் இந்த லீவில் நீங்கள் உண்டாக்க வேண்டியது ஒரு பழக்கத்தை. பாடசாலையும் டியூஷனும் தொடங்கிய பிறகோ, கொழும்பில் ஒரு கடையில் நின்றுகொண்டிருக்கும்போதோ உடைந்துபோகாத அளவுக்குச் சிறியதாக அது இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வோர் அளவும் அந்த ஒன்றை மனதில் வைத்துப் போட்டதுதான்.

எந்த மொழிபெயர்ப்பு

சேர்ச்களிலும் ஜெபவீடுகளிலும் புழங்குவது 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. கத்தோலிக்கக் கோயில்களில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பைத் திருவிவிலியம் என்ற பெயரில் வைத்திருப்பார்கள். அதில் 73 நூல்கள். உங்கள் சபை எதை வாசிக்கிறதோ அதையே முதல் புத்தகமாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காதில் விழும் வசனமும் வீட்டில் வாசிக்கும் வசனமும் ஒன்றாக இருந்தால்தான் மனதில் ஒட்டும். மற்றதை ஒப்பிட்டுப் பார்க்கப் போனில் இறக்கிக்கொள்ளலாம்.

ஒப்பிடுவது ஏன் அவசியம் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 121ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் வாசித்தால், ஒத்தாசை பர்வதங்களிலிருந்தே வருகிறது போலத் தோன்றும். பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம் ஒரு கேள்வி: மலைகளைப் பார்க்கிறேன், எனக்கு உதவி எங்கிருந்து வரும்? அடுத்த வசனம் பதில் சொல்கிறது, மலையிலிருந்து அல்ல, அதைப் படைத்தவரிடமிருந்து என்று. கதவைத் திறந்தால் மலை நிற்கிற ஊரில் வளர்கிற ஒருவருக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல.

பழைய மொழிபெயர்ப்பில் சில சொற்கள் இன்று வேறு பொருள் தரும். ‘ஜாதிகள்’ என்று வருமிடத்தில் நம் ஊரில் பேசும் சாதியை நினைத்துக்கொள்ளக் கூடாது. அது மக்களினங்களைக் குறிக்கும். மத்தேயு 28ஆம் அதிகாரத்தில் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘திமிர்வாதக்காரன்’ திமிர் பிடித்தவன் அல்ல, உடல் முடங்கிப்போனவன். ‘ஆயக்காரன்’ வரி வசூலிப்பவன். ‘நிமித்தம்’ என்றால் ‘காரணமாக’. ‘நீதி’ பல இடங்களில் கோர்ட் நீதியைத் தாண்டி, கடவுளுக்கு முன் நேராக இருப்பதைச் சொல்கிறது. கத்தோலிக்க வீடுகளில் பாட்டிமார் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று சொன்னால் அவர்கள் பேதுருவும் பவுலும் யோவானும்தான்.

கூடுதலாக ஒன்று தெரிந்திருப்பது நல்லது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர் ஆறுமுக நாவலர், ஆழ்ந்த சைவர். பக்கத்துக் காம்பராவில் சைவக் குடும்பம் இருக்கிற ஒருவர் இதை மறக்காமல் வைத்துக்கொள்ளட்டும்.

புத்தகத்தை ஈரத்திலிருந்து காப்பது

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மழையும் மூடுபனியும் விடாது. வேதாகமத்தின் தாள் மெல்லியது, ஈரத்தை உடனே குடிக்கும். ஓரம் அலைபோல நெளியும், பிறகு மஞ்சள் புள்ளியாகப் பூஞ்சணம் விழும். வெளிச்சுவரோடு ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள். லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், பழைய கருங்கல் சுவர் வியர்க்கும். அடுப்புக்கு மேலே வைத்தால் ஈரம் போகும், ஆனால் புகை படிந்து பக்கங்கள் கருக்கும். மூடி இறுகும் பிஸ்கட் தகரம் ஒன்று எடுத்து, அடியில் ஒரு கைப்பிடி காய்ந்த அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து போட்டு, மேலே புத்தகத்தை வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரியை மாற்றுங்கள். வெயில் அடிக்கும் நாளில் நிழலில் விரித்து வைத்தால் போதும். நேர் வெயிலில் வைத்தால் முதுகுப் பசை வெடித்துக் கட்டு கழன்றுவிடும். நனைந்தே போனால் பத்துப் பக்கத்துக்கு ஒரு பத்திரிகைத் தாளை நுழைத்து, மேலே பாரம் வைத்து, தாள் ஈரமாகும்போதெல்லாம் மாற்றுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் காற்றும் வறட்சியும்தான். அங்கே இந்த வேலை ஐப்பசி, கார்த்திகையில் வரும். 

நேரமும் இடமும்

இயேசு சொன்னது, அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கும்படி. 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் அறைவீடு எங்கே? அதை நினைத்துச் சோர்ந்துபோகிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர் சொல்ல வந்தது, பிறர் பார்ப்பதற்காகச் செய்யாதே என்பது. சுவரில்லாமலும் அதைச் செய்யலாம்.

லீவு நாட்களில் காலை எட்டரைக்கு வீடு காலியாக இருக்கும். பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்து அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருப்பார், சின்னவர்கள் பாடசாலையில் இருப்பார்கள். எல்லோரும் அந்த நேரத்தைத்தான் பிடிப்பார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. உயர்தர வகுப்பு தொடங்கிய முதல் நாளே அந்த நேரம் காணாமல் போகும், அதோடு பழக்கமும் போகும். அதனால் லீவிலேயே பாடசாலை நாளில் உங்கள் கையில் இருக்கப்போகிற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பல வீடுகளில் அது காலை ஐந்தரை. அம்மா நாலரைக்கே எழுந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பார். குசினியில் அடுப்பின் சூடும் வெளிச்சமும் இருக்கும். தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு, ஒரு பலகையில் உட்கார்ந்து இருபது நிமிடம். அம்மாவும் விசுவாசியானால் சத்தமாக வாசியுங்கள். எழுத்து அவ்வளவாகத் தெரியாத எத்தனையோ தாய்மார் வேதத்தைக் காதால்தான் படித்திருக்கிறார்கள். அம்மா வேறு நம்பிக்கையுள்ளவரானால் மெல்ல உதடசைத்து வாசியுங்கள். தேங்காய் துருவுவதை மட்டும் எந்த வீட்டிலும் விட வேண்டாம்.

இருபது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: இரண்டு நிமிடம் பேசாமல் இருப்பது, எட்டு நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் எழுத்து, ஐந்து நிமிடம் ஜெபம். மனதுக்குள் வாசிப்பதை விட வாயால் வாசிப்பது மெதுவானது, அதனால்தான் அது வேண்டும். ஒரு சராசரி அதிகாரம் ஐந்திலிருந்து எட்டு நிமிடத்தில் முடியும். போனில் வாசிப்பதானால் முதலில் ஃபிளைட் மோடில் போடுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போகிற நாளில் தமிழ் வேதாகமத்தையும் அதன் ஒலிப்பதிவையும் இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா தேவைப்படாது. மின்சாரம் போகிற இரவுகளிலும் உதவும்.

கொப்பி

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். வாரத்தில் ஆறு நாள் வாசிப்பு, ஞாயிறு சபையில் கேட்பதோடு சரி. பன்னிரண்டு வாரத்துக்கு 72 நாள், நாளுக்கு ஒரு பக்கம். மிஞ்சும் எட்டுப் பக்கத்தில் பின்னாலிருந்து தொடங்கித் தெரியாத சொற்களை எழுதுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு விஷயம். தேதியும் அதிகாரமும். அங்கே என்ன நடக்கிறது என்பது இரண்டு வரியில். ஒரு கேள்வி. இன்று செய்யப்போகிற ஒரு வேலை. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். என்ன நடக்கிறது என்று எழுதுமுன் ‘ஆண்டவர் எனக்கு இன்று சொன்னது’ என்று எழுதப் போனால், வசனம் சொல்லாததை அதன் வாயில் திணிப்பீர்கள். அப்படி ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு படிப்பை விட்டவர்களும் உண்டு, கல்யாணத்தை முடிவு செய்தவர்களும் உண்டு. கடைசி வரியில் எழுதும் வேலை அன்று இருட்டுமுன் செய்து முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். ‘எல்லோரையும் நேசிப்பேன்’ என்பது வேலை அல்ல. ‘பீலியில் இரண்டு குடம் தண்ணீர் எடுத்து ஆயா வீட்டில் வைப்பேன்’ என்பது வேலை.

என்ன வாசிப்பது

முதல் மூன்று வாரம் மாற்கு. 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் குட்டி. முதல் நாள் முழுவதையும் ஒரே அமர்வில் சத்தமாக வாசியுங்கள். ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரமாகும். இருபது நிமிட வழக்கத்துக்கு இந்த ஒரு நாள் மட்டும் விலக்கு. ஒரு மனிதர் எவ்வளவு வேகமாக நடக்கிறார், எவ்வளவு சீக்கிரம் கொல்லப்படுகிறார் என்பது அப்படி வாசித்தால்தான் உறைக்கும். மறுநாளிலிருந்து நாளைக்கு ஓர் அதிகாரம். 14ஆம் அதிகாரத்துக்கு 72 வசனம், அதை இரண்டு நாளாக்குங்கள். மொத்தம் 18 நாள் சரியாக வரும்.

16ஆம் அதிகாரத்தில் 8ஆம் வசனத்தோடு ஒரு குறிப்போ அடைப்புக்குறியோ சில பதிப்புகளில் இருக்கும். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு அங்கே முடிகிறது. 9 முதல் 20 வரை அவற்றில் இல்லை. இதை முதன்முதலில் பார்க்கிற இளைஞர் பயந்துபோவார். பயப்பட ஒன்றுமில்லை. ஒளித்து வைக்காமல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள், நீங்களும் வெளிப்படையாகவே போதகரிடம் கேளுங்கள்.

நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை ரூத் 4 அதிகாரம், ஆதியாகமம் 37 முதல் 50 வரை 14 அதிகாரம். மலையகத்துப் பிள்ளைக்கு இவற்றை விட நெருக்கமான பக்கங்கள் வேதத்தில் குறைவு. ரூத் பஞ்சத்தில் தொடங்குகிறது: பிழைக்க ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பம், போன இடத்தில் சாவு, அந்நிய நாட்டில் கதிர் பொறுக்கும் ஒரு மருமகள். 1823இலிருந்து கணக்கிட்டு மலையகத்தாரின் 200 வருடத்தை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து நினைவுகூர்ந்தார்களே, அந்த வழியில் வந்தவர்களையும் தள்ளியதில் பஞ்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாம் அதிகாரத்தில் ரூத் அன்றைய வாற்கோதுமையை அடித்து அளந்து பார்க்கிறாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவருக்கு அந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை.

யோசேப்பின் கதை தொடங்கும்போது அவனுக்கு வயது 17. இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்படுகிறான். பார்வோன் முன்னால் நிற்கும்போது வயது 30. இடையில் பதின்மூன்று வருடம் வேலைக்காரனாகவும் கைதியாகவும். பெறுபேறு வர மூன்று மாதம் காத்திருப்பதே நரகமாக இருக்கிறவர் இந்த எண்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். 38ஆம் அதிகாரம், யூதாவும் தாமாரும், திடீரென்று நடுவில் வரும், படிக்கச் சங்கடமானது. தாண்டிப்போக வேண்டாம். தாமாருக்கு நடந்த அநியாயம் எது, யூதா கடைசியில் என்ன ஒப்புக்கொள்கிறான் என்று மட்டும் எழுதிக்கொண்டு, மிச்சத்தைப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள்.

ஏழாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரை மத்தேயு 5, 6, 7, பிறகு யாக்கோபு 5 அதிகாரம், பிலிப்பியர் 4 அதிகாரம். மலைப்பிரசங்கத்தின் 111 வசனங்களுக்கு ஒன்பது நாள். நாளைக்குப் பன்னிரண்டு வசனம் போல. இங்கே வேகம் போனால் ஒன்றும் நிற்காது. மத்தேயு 5:23, 24 வரும் நாளில் யாரோடு பேசாமல் இருக்கிறீர்களோ அவர் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். ஒரு வாரமானாலும் பரவாயில்லை, கணக்கு நிற்கட்டும். யாக்கோபு 5:4 வயலில் உழைத்தவர்களின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை நடக்கிற தோட்டத்தில் இதை வாசித்துவிட்டு, சம்பளமும் விசுவாசமும் வேறு வேறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசி மூன்று வாரம் யோவான். அதைப் பற்றிப் பின்னால்.

இரவில் படுக்குமுன் ஒரு சங்கீதம், வாரம் முழுவதும் அதே சங்கீதம். 1, 4, 8, 23, 13, 42, 121, 27, 51, 73, 103, 139 என்ற வரிசை. ஏழு இரவு வாசித்தால் சின்னவை மனப்பாடமாகிவிடும். விளக்கு இல்லாத இரவில் வேறென்ன கையில் இருக்கும்? வீட்டில் சாவு விழுந்திருந்தாலோ, மண்சரிவில் உறவை இழந்தவராக இருந்தாலோ 88ஐயும் சேருங்கள். அது கடைசி வரி வரை இருட்டிலேயே முடிகிற சங்கீதம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது கேட்ட கேள்விகளை வேதமே கேட்கிறது என்பதை ஒரு பிள்ளை அறிந்திருக்க வேண்டும். ‘எல்லாம் நன்மைக்கே’ என்று அவசரப்பட்டுச் சொல்லும் ஆறுதல் அங்கே நிற்காது.

எங்கே தடுமாறும்

பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் ஒரு சலிப்பு வரும். பரீட்சை முடிந்த களிப்பு தீர்ந்திருக்கும், மழை விடாது, நண்பர்கள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிடுவார்கள். மூன்று நாள் தவறினால் தவறட்டும். அதைச் சேர்த்து வாசித்து ஈடுகட்டாதீர்கள். பழக்கத்தைக் கொல்வது தவறிய நாளை விட, ஈடுகட்டும் நாள்தான். நாலாம் நாள் அன்றைய ஒரு அதிகாரத்தை மட்டும் வாசியுங்கள், அட்டவணை மூன்று நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஒன்றுமே உணராமல் வாசிக்கும் நாட்களும் வரும். அதைப் பாவம் என்று எண்ண வேண்டாம். மாற்கு 9இல் ஒரு தகப்பன் நம்பிக்கையையும் அவநம்பிக்கையையும் ஒரே வாயால் இயேசுவிடம் சொல்கிறார். அவருடைய பிள்ளை சுகமாகிறான். அந்த வசனத்தைக் கொப்பியின் அட்டையில் எழுதி வைக்கலாம்.

யூடியூபில் ஒரு நாளைக்கு மூன்று பிரசங்கம் கேட்டுவிட்டு வாசிப்பை விடுகிறவர்கள் அதிகம். லீவு முடியும்வரை வாரத்துக்கு ஒரு பிரசங்கம் போதும், அதுவும் உங்கள் சபையில் கேட்டதாக இருந்தால் நல்லது.

வாரம் ஒரு பெரியவர்

தனியாக வாசிக்கிறவர் தன் தவறையே திரும்பத் திரும்பப் படிப்பார். வாரத்துக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம், கொப்பியிலுள்ள கேள்விகளோடு ஒருவரிடம் போங்கள்: ஞாயிறு பாடசாலை ஆசிரியர், போதகர், ஃபாதர், சிஸ்டர், அல்லது வேதத்தோடு வாழ்ந்த ஒரு பெரியம்மா. ‘எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லத் தெரிந்தவராகப் பாருங்கள். கதவு திறந்திருக்கும் இடத்தில், வேறு ஆட்கள் நடமாடும் நேரத்தில் சந்தியுங்கள். ‘இதை அப்பா அம்மாவிடம் சொல்லாதே’ என்று சொல்கிறவர், போனின் பாஸ்வேர்டைக் கேட்கிறவர், தனியே வீட்டுக்கு அழைக்கிறவர் எத்தனை பெரிய ஊழியரானாலும் உடனே விலகி வீட்டில் சொல்லுங்கள்.

வீட்டில் எதை மாற்றுவது, எதை மாற்றக்கூடாது

வாசிக்கத் தொடங்கியதும் வாழ்க்கை முழுவதையும் ஒரே வாரத்தில் திருப்பிப்போடத் தோன்றும். பாட்டுக்களை அழிப்பது, தோட்டைக் கழற்றுவது, பழைய சிநேகிதரை விடுவது. முதல் ஒன்பது வாரத்துக்கு உங்களுக்கு மட்டும் சொந்தமானதை மட்டும் மாற்றுங்கள்: உங்கள் நாக்கு, உங்கள் போன், உங்கள் தூக்கம், உங்கள் கைச்செலவு. இன்னொருவருக்கும் பங்குள்ள எதிலும், குடும்பச் சடங்கு, சிநேகம், திருமணப் பேச்சு, படிப்புத் துறை, இவற்றில் பெரிய தீர்மானம் வேண்டாம். வாக்குத்தத்தம் பண்ணி நேர்ந்துகொள்ளவும் வேண்டாம். ஞானஸ்நானமோ திடப்படுத்தலோ உறுதிப்பூசுதலோ எடுக்க விரும்பினால் போதகரிடம் சொல்லி ஆயத்த வகுப்பில் சேருங்கள், வீட்டாரிடமும் நீங்களே நேரில் சொல்லுங்கள். மற்றவர் வாயால் கேட்க விடாதீர்கள்.

மலைநாட்டில் ஒரே குடும்பத்தில் சித்தப்பா மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டியிலும் அண்ணன் பெந்தெகொஸ்தே சபையிலும் இருப்பது வழக்கம். திருவிழா வரும், மாசியில் காமன் கூத்து வரும். பந்தலுக்குக் கம்பு தூக்குவது, விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் வீட்டுப் பிள்ளையின் வேலை, அதைச் செய்யுங்கள். படைத்ததைச் சாப்பிடுவது பற்றி 1 கொரிந்தியர் 8, 10, ரோமர் 14 மூன்றையும் வாசித்துவிட்டு உங்கள் சபைப் பெரியவரிடம் கேளுங்கள். சபைக்குச் சபை பதில் வேறுபடும். சாப்பிடவில்லை என்றால் ‘எனக்கு வேண்டாம் பாட்டி’ என்று சொன்னால் போதும். அவர் கும்பிடுவதைப் பேய் என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க வருடங்கள் ஆகும்.

பகுதிநேர வேலையில் முதல் சம்பளம் கிடைத்தால் காணிக்கை கொடுக்கும் ஆசை வரும், நல்லது. ஆனால் மாற்கு 7:9 முதல் 13 வரை படித்துவிட்டுக் கொடுங்கள். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’ என்று சொல்லித் தேவாலயத்துக்கு எழுதிவைத்தவர்களை இயேசு கண்டித்த இடம் அது. கடையில் அம்மாவின் கடன் நிற்கும்போது முதலில் அதைக் கட்டுங்கள்.

உபவாசமும் மருந்தும்

உபவாசிக்க விரும்பினால் வாரத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு ஒன்றை மட்டும் விடுங்கள். தண்ணீரும் தேத்தண்ணியும் குடிக்கலாம். இரத்தசோகை, வயிற்றுப்புண், சீனி வருத்தம் உள்ளவர்களும், மலையிலோ மரக்கறித் தோட்டத்திலோ உடல் வேலை செய்கிறவர்களும் சாப்பாட்டை விடாமல் வேறொன்றை விடட்டும். ஒரு நாள் போன் இல்லாமல் இருப்பது போல. இழுப்புக்கோ வலிப்புக்கோ எடுக்கிற மருந்தை ஜெபித்துவிட்டோம் என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பெறுபேற்றுப் பயத்தில் தூக்கம் போய், உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றினால் அதை விசுவாசக் குறைவென்று மறைக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐ அழையுங்கள்.

நம் ஊர்ச் சபையின் கதை

வேதத்துக்கு வெளியே ஏதாவது வாசிக்க வேண்டுமென்றால் உங்களுக்கு முன்னால் இங்கே விசுவாசித்தவர்களைப் பற்றி வாசியுங்கள். கோவாவில் 1651இல் பிறந்த ஜோசப் வாஸ் அடிகளார், டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் உடையில் இலங்கைக்கு வந்தவர். 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சிறைவைத்தார்கள். அம்மை நோய் பரவிய காலத்தில் கண்டியில் கைவிடப்பட்டவர்களைப் பராமரித்தார். 1711 ஜனவரி 16இல் அங்கேயே இறந்தார். 2015இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். தோட்டங்களில் தமிழருக்கான அங்கிலிக்கன் ஊழியம் 1854இல் தொடங்கியது. உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்து போய் ஜெபம் நடத்தினார்கள். நுவரெலியா பரிசுத்த திரித்துவ ஆலயமும் டிக்கோயா வார்லி ஆலயமும் அந்த நூற்றாண்டுக் கட்டடங்கள். அவற்றின் பழைய கல்லறைகளில் துரைமாரின் பெயர்களைத்தான் அதிகம் வாசிக்கலாம். நம் ஆட்களின் பெயர்கள் கல்லில் இல்லை, ஆகவே ஆட்களிடம் கேட்க வேண்டும். சபையில் மூத்த மூன்று பேரிடம் ஒவ்வொரு மணி நேரம் உட்கார்ந்து, ஜெபவீட்டை யார் கட்டினார்கள், எந்தப் பாட்டை முதலில் பாடினார்கள், மழையில் எங்கே கூடினார்கள் என்று கேட்டு, கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.

நடுவில் கொழும்புக்குப் போக நேர்ந்தால்

ஓ.எல். முடிந்ததும் கடை வேலைக்குப் போகிறவர்கள் பாதி வழியில் இந்த வாசிப்பை விட வேண்டியதில்லை. சட்டைப்பையில் அடங்கும் புதிய ஏற்பாடும் கொப்பியும் போதும். பெரிய வேதாகமத்தை வீட்டில் விடுங்கள். வேலைக்குச் சேரும் அன்றே, சம்பளம் பேசும்போதே, ஞாயிறு காலை அரை நாள் வேண்டும் என்று முதலாளியிடம் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் கிடைக்காது. வாரந்தோறும் முடியாதென்றால் இரண்டு வாரத்துக்கு ஒன்றாவது. புறப்படுமுன் உங்கள் போதகரிடமோ ஃபாதரிடமோ, தங்குமிடத்துக்குக் கிட்டத் தமிழ் ஆராதனை அல்லது தமிழ்ப் பூசை எங்கே இருக்கிறது என்று கேட்டு, ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் கடிதத்தோடு போகிற பிள்ளையைப் புதுச் சபையில் யாராவது ஒருவர் கவனிப்பார்.

கடைசி மூன்று வாரம்

யோவானில் 21 அதிகாரம், கையில் 18 நாள். பத்தாம், பதினோராம் வாரங்களில் 1 முதல் 12 வரை வழக்கம்போல. பன்னிரண்டாம் வாரத்தில் 13 முதல் 18 வரை. ஆனால் அந்த வாரம் முழுவதும் பாடசாலை நாள் போலவே எழுந்து, குளித்து, பையைக் கட்டி வைத்துவிட்டு வாசியுங்கள். எழுத்து இரண்டு வரி, ஜெபம் மூன்று நிமிடம், மொத்தம் பன்னிரண்டு நிமிடம். எங்கே இடிக்கிறது என்று அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்: பஸ் ஆறு பத்துக்கா, குளியலுக்கு வரிசையா, தம்பியின் சப்பாத்தைத் தேட வேண்டுமா. நேரத்தை அதற்கேற்ப முன்னோ பின்னோ நகர்த்துங்கள்.

19, 20, 21 மூன்றையும் வேண்டுமென்றே மிச்சம் வையுங்கள். சிலுவையும், காலியான கல்லறையும், கடற்கரையில் கரிநெருப்பில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு சீஷர்களைக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் காட்சியும் அவற்றில்தான் இருக்கின்றன. அவை உயர்தர வகுப்பின் முதல் திங்கள், செவ்வாய், புதனுக்கு. கொப்பியில் பின்பக்கச் சொற்கள் விட்டுவைத்த தாள்களில் மூன்றுக்குத் தேதியை இப்போதே போட்டு, பாடசாலைப் பையின் முன் அறையில் வைத்துவிடுங்கள்.